ஆற்றோட்டத்தில் சாதாக் கெண்டை பிடிப்பது எப்படி? இரை ஓரிடத்தில் நிற்பதே இல்லை

கரையோரன்:

அனைவருக்கும் வணக்கம்.

ஆறு ஆண்டுகளாகக் குளங்களிலும் ஏரிகளிலும் தூண்டில் போட்டுச் சாதாக் கெண்டை பிடித்து வருகிறேன். அங்கே என் முறை எளியது. கரையிலிருந்து இருபதடி தள்ளி, தக்கை கட்டிய நரம்பில் மாவு உருண்டையைத் தரையில் படியும்படி விட்டு, தக்கை சாய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். விடியற்காலையில் போனால் ஒன்றிரண்டாவது அகப்படாமல் திரும்பியது அரிது.

இரண்டு மாதங்களாக ஆற்றுக்குப் போகத் தொடங்கியிருக்கிறேன். பத்து முறைக்கு மேல் போயும் ஒரு கெண்டையைக்கூடக் கரையேற்ற முடியவில்லை. ஆற்றில் மீன் இல்லை என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் பொழுது புலரும் நேரத்தில் என் முழங்கை நீளத்துக்குக் கெண்டைகள் நீரை விட்டு எழும்பி விழுவதைக் கண்ணால் பார்க்கிறேன்.

தக்கை போட்டால் ஒரு நிமிடத்துக்குள் ஓட்டம் அதை இழுத்து வந்து கரையோரக் கோரையில் சேர்த்துவிடுகிறது. தக்கையைக் கழற்றிவிட்டு 30 கிராம் உருண்டை ஈயத்தை மட்டும் கட்டினால், அதுவும் தரையில் உருண்டு உருண்டு கடைசியில் ஏதாவது ஒரு கல்லிடுக்கில் மாட்டிக்கொள்கிறது. மாவு உருண்டையோ பாதி கரைந்தும் பாதி பொடிமீன் கொத்தியும் பத்து நிமிடத்தில் காணாமல் போகிறது. சென்ற வாரம் ஒரே ஒரு முறை பெரிய மீன் மாட்டியது. ரீலின் டிராக்கை, அதாவது நரம்பு வெளியேறும் வேகத்தைத் தடுக்கும் பிடியை, இறுக்கி வைத்திருந்தேன். கோல் வளைந்த வேகத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மீன் ஓட்டத்தோடு கீழ்நோக்கிப் பாய்ந்து, அங்கே விழுந்து கிடக்கும் மரத்தின் கிளைகளுக்குள் புகுந்தது, நரம்பு அறுந்தது. முள்ளையும் ஈயத்தையும் சுமந்துகொண்டு போன அந்த மீனை நினைத்து இரண்டு நாள் மனம் சரியாக இல்லை.

ஆற்றில் எங்கே போட வேண்டும், இரையை எப்படி நிறுத்த வேண்டும், மாட்டிய மீனை எப்படிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


நீர்நோக்கி:

வணக்கம் கரையோரன். நீங்கள் ஈயத்தின் எடையிலிருந்து தொடங்குகிறீர்கள். நான் இடத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன், ஏனென்றால் தவறான இடத்தில் அசையாமல் கிடக்கும் இரையைவிட, சரியான இடத்தில் கொஞ்சம் நகர்ந்துகொண்டிருக்கும் இரைக்கே மீன் கிடைக்கும்.

குளத்துக் கெண்டைக்கு ஓரிடத்தில் நிற்பதற்கு எந்த உழைப்பும் தேவையில்லை. ஆற்றுக் கெண்டையோ நின்ற இடத்தில் நிற்பதற்கே வாலை அடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே ஓட்டத்தின் தொல்லை குறைந்தும், அதே ஓட்டம் உணவைக் கொண்டுவந்து சேர்த்தும் தரும் இடத்தைத்தான் அது தேடிப் போகிறது. வேகமான நீரும் மந்தமான நீரும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும் எல்லை, ஆற்றின் மேற்பரப்பில் ஒரு கோடுபோலத் தெரியும். ஒரு பக்கம் நீர் சுருக்கம் விழுந்து ஓடும், மறுபக்கம் வழவழப்பாக இருக்கும். அந்தக் கோட்டுக்கு உட்புறம், அதாவது மந்தமான பக்கத்தில், ஓரடி ஈரடி தள்ளித்தான் நான் பெரும்பாலும் இரையைப் போடுகிறேன். ஆற்று வளைவின் வெளிப்பக்கத்தில் கரையைக் குடைந்து உண்டான மடு, விழுந்த மரத்துக்கும் பாறைக்கும் ஓட்டம் போகும் கீழ்ப்பக்கமாக உண்டாகும் தேக்கம், சிற்றோடை வந்து கலக்கும் வாய், நாணல் ஓரம் ஆகியவையும் கெண்டை தங்கும் இடங்களே. உங்கள் மீன் ஓடிப் புகுந்த அந்த மரம் அதன் வீடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது அவ்வளவு நேராக அங்கே போனதற்கு வேறு காரணம் இல்லை.

அடுத்த முறை போகும்போது முதல் ஒரு மணி நேரம் முள்ளே கட்டாதீர்கள். நரம்பு முனையில் ஈயத்தை மட்டும் கட்டி, வீசி, தரையில் மெல்ல இழுத்துப் பாருங்கள். கூழாங்கல் தரையானால் கோல் வழியாகக் கடகடவென்று ஓர் அதிர்வு கைக்கு வரும். மணலானால் வழுக்கிக்கொண்டு வரும். வண்டலானால் ஈயம் முதலில் ஒட்டிப் பிடித்து, பிறகு சட்டென்று விடுபடும். கூழாங்கல்லும் வண்டலும் சந்திக்கும் விளிம்பு கிடைத்தால் அதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஓட்டம் தன் வேகத்தை இழந்து, சுமந்து வந்த புழுவையும் விதையையும் நத்தையையும் இறக்கி வைக்கும் இடம் அதுதான்.

குமிழிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கெண்டை தரையைக் கிளறும்போது சிறு சிறு குமிழிகள் கொத்தாக மேலே வரும். குளத்தில் குமிழி வந்த இடத்துக்கு நேர் கீழே மீன் இருக்கும். ஆற்றில் குமிழி மேலே வந்து சேர்வதற்குள் ஓட்டம் அதைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். ஆகையால் மீன் இருப்பது குமிழிக்குச் சில அடி மேற்பக்கம், அதாவது ஓட்டம் வரும் பக்கம். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பருவம் முழுவதும் மீனுக்குப் பின்னால் இரையைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நீருக்கு மேல் எழும்பி விழும் மீனை மட்டும் நம்பி இடத்தை முடிவு செய்யாதீர்கள், அது வழிப்போக்காகவும் இருக்கலாம். ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒரே நேரத்தில், மூன்று நாள் அடுத்தடுத்துப் பார்த்தால் அதை நம்பலாம்.

நீர்மட்டம் ஏறும்போது கெண்டைகள் நடு ஓட்டத்தை விட்டுக் கரையோரத்துக்கு ஒதுங்கும், சில சமயம் உங்கள் காலடியிலேயே இருக்கும். நீர் கலங்கலாக இருக்கிறதே என்று திரும்பிவிட வேண்டியதில்லை, ஏனென்றால் அதன் வாயோரத்து மீசைகளே சுவையறியும் உறுப்புகள். நீரின் வெப்பம் 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது நன்றாக மேயும். 10 டிகிரிக்குக் கீழே போனால் மேய்ச்சல் மிகவும் குறைந்துவிடும். வெப்பம் 17, 18 டிகிரியைத் தாண்டும் பருவத்தில் ஆழமில்லாத புல்லோரங்களில் கூட்டமாகத் துள்ளி முட்டையிடும். அந்த நாட்களில் அவை இரையைத் தொடுவதும் அரிது, தொந்தரவு செய்வதும் முறையன்று.


ஈயமணி:

இடத்தைப் பற்றி நீர்நோக்கி ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. இரையை நிறுத்துவதைப் பற்றி எழுதுகிறேன்.

ஓட்டத்தில் ஈயத்தை நகர்த்துவது ஈயத்தின் மேல் படும் நீர் மட்டும் அல்ல. கோல் முனையிலிருந்து ஈயம் வரை நீருக்குள் கிடக்கும் நரம்பு முழுவதன் மேலும் நீர் மோதுகிறது, நரம்பு ஈயத்தை இழுக்கிறது. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் இந்த இழுவிசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதனால்தான் ஏரியில் அசையாமல் கிடந்த 30 கிராம் ஈயம் ஆற்றில் உருள்கிறது. இரண்டு வழிகளில் இதைச் சமாளிக்கலாம். முதலாவது, உருண்டை ஈயத்தை விட்டுவிட்டுத் தட்டையான ஈயத்துக்கு மாறுங்கள். மிதமான ஓட்டத்துக்கு 80 முதல் 120 கிராம் வரை தேவைப்படும், உங்கள் கோல் அந்த எடையை வீசத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, கோலின் முனையை உயர்த்தி நிறுத்துங்கள். முனை உயர உயர, நீருக்குள் கிடக்கும் நரம்பின் நீளம் குறையும், மிதந்து வரும் குப்பையும் குறைவாகச் சிக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஈயம் தரையில் பட்டவுடன் நரம்பை விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள். சில அடி நரம்பைக் கூடுதலாக விட்டால், அது கீழ்நோக்கி வில்போல வளைந்து நிற்கும். அப்போது இழுவை ஈயத்தை மேலே தூக்காமல் தரையோடு படுக்கவாட்டில் இழுக்கும், ஈயம் மணலைப் பற்றிக்கொள்ளும். விறைப்பாகக் கட்டினால் 120 கிராமும் நிற்காத ஓட்டத்தில், இப்படி வளைவு விட்டால் 90 கிராம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஓட்டத்தோடு கீழே போகும் மீன் நரம்பைத் தளர்த்திவிடும் என்பதை மறவாதீர்கள். வளைந்திருந்த கோல் முனை திடீரென்று நிமிர்ந்தால் அதுவும் மீன்தான்.

மாவு உருண்டையை ஆற்றில் மறந்துவிடுங்கள். நன்றாக வேகவைத்த மக்காச்சோள மணி இரண்டை முடித் தூண்டில் முறையில் கட்டிப் பாருங்கள். இந்த முறையில் இரையை முள்ளில் குத்துவதில்லை. முள்ளின் வளைவிலிருந்து ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய இழை தொங்கும். மணிகளை அதில் கோத்து, நழுவாமலிருக்க முனைக் கண்ணியில் சிறு துரும்பு ஒன்றைச் செருக வேண்டும். 1980 வாக்கில் இங்கிலாந்தில் லென்னி மிடில்டன், கெவின் மாடக்ஸ் ஆகிய இருவரும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். தொடக்கத்தில் உண்மையான தலைமுடியையே இழையாகக் கட்டியதால் இந்தப் பெயர் வந்தது.

இது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் கட்டும்போது தவறு வராது. கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் அரைக்கும் பற்கள் இருக்கின்றன. அது வாயைக் குழல்போல நீட்டி இரையை நீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது, கல்லோ மரத்துண்டோ கலந்திருந்தால் ஊதித் துப்புகிறது. சோளத்துக்குள் முள் ஒளிந்திருந்தால் கடினமான பொருள் என்று உணர்ந்து முழுவதையும் துப்பிவிடும். இழையில் மணி தனியாக ஆடினால், மணி உள்ளே போகும்போது வெறும் முள்ளும் பின்னாலேயே போகும். துப்பும்போது முள்முனை கீழுதட்டில் பதியும். உடனே திடுக்கிட்டு அது தலையைத் திருப்பும்போது ஈயத்தின் எடை முள்ளை ஆழமாக இறக்கிவிடும். ஆகவே ஈயம் கனமாக இருப்பது இரண்டு வேலைக்கும் உதவுகிறது. முள்ளுக்கும் ஈயத்துக்கும் இடையே 15 முதல் 20 சென்டிமீட்டர் போதும். முள் 6 அல்லது 8ஆம் எண், வாய் அகன்றதாக இருக்கட்டும். ரீலில் சுற்றியிருக்கும் முதன்மை நரம்பின் தடிமன் 0.35 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம்.

கடைசியாக ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். ஈயத்தை முதன்மை நரம்பில் நேராக முடிச்சிட்டுக் கட்டக் கூடாது. நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பான ஸ்விவலில் இருந்து ஒரு சாண் மெல்லிய நரம்பில் ஈயத்தைத் தொங்கவிடுங்கள். ஈயம் கல்லிடுக்கில் மாட்டினால் அந்த மெல்லிய நரம்பு மட்டும் அறுந்து, மீன் உங்களோடு இருக்கும். முதன்மை நரம்பே அறுந்தாலும், மீன் 100 கிராம் ஈயத்தை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு அலையாது. உங்கள் மனம் இரண்டு நாள் வருந்தியதாக எழுதியிருந்தீர்கள், அதனால்தான் இதை நீட்டிச் சொல்கிறேன்.


ஆற்றுமணல்:

ஈயமணி அவர்கள் சொன்ன முறை சரியானது, நானும் ஆழமான மடுக்களில் அப்படித்தான் போடுகிறேன். ஆனால் ஆற்றுக்குத் தக்கையே உதவாது என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது. கரையோரத் தேக்கத்தில், குறிப்பாக நாணல் மறைவில், ஓட்டம் ஓர் இலையை மெதுவாகச் சுற்றவிடும் அளவுக்கு மந்தமாக இருந்தால், தக்கையைப்போல நுணுக்கமான கருவி வேறு இல்லை. ஆழத்தைவிட ஓரடி அதிகமாக நரம்பை விட்டு, முள்ளிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு சிறு ஈயமணியைத் தரையில் படுக்கவைத்தால் இரை நகராது. தக்கை மூழ்குவதற்குப் பதிலாகச் சில சமயம் படுத்துவிடும், அதுவும் மீன்தான். நான் பிடித்த நல்ல கெண்டைகளில் பாதிக்குமேல் கரையிலிருந்து பத்தடிக்குள் தக்கையில் வந்தவை.

அந்தப் பத்தடியில் மீன் பிடிக்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. கரையில் நடக்கும் ஓசை கூடாது. கெண்டையின் நீச்சல்பையையும் உள்காதையும் இணைக்கும் சிறு எலும்புச் சங்கிலி ஒன்று அதற்கு இருக்கிறது, ஆகவே அதன் கேள்திறன் மிகக் கூர்மை. மண்கரையில் கால் பதித்து நடந்தாலே அதற்குத் தெரிந்துவிடும். பெட்டியைத் தரையில் பொத்தென்று வைத்த மாத்திரத்தில் பொங்கிக்கொண்டிருந்த குமிழிகள் நின்றுபோனதைக் கண்டிருக்கிறேன்.

இரையைப் பற்றியும் கொஞ்சம் சேர்க்கிறேன். காய்ந்த சோளத்தை ஒரு நாள் முழுவதும் ஊறவைத்து, பிறகு நகத்தால் அழுத்தினால் பிளக்கும் வரை வேகவைக்க வேண்டும். ஊறாத தானியத்தை ஆற்றில் போடவே கூடாது, மீனின் குடலுக்குள் போய் உப்பிக் கேடு செய்யும். கெண்டைக்கு இரைப்பை கிடையாது, நேராகக் குடல்தான். ஆகவே அது ஒரேயடியாக உண்டு ஒதுங்குவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுவதும் மேய்கிறது. நீங்களும் அப்படியே போடுங்கள். முதலில் இரண்டு கைப்பிடி, பிறகு அரை மணிக்கு ஒரு முறை பத்துப் பதினைந்து மணிகள். வெறும் மணிகளை ஓட்டத்தில் எறிந்தால் அவை எங்கேயோ போய்ச் சேரும், மீனும் அவற்றோடு கீழே போய்விடும். களிமண்ணில் பிசைந்து கைக்கடக்கமான உருண்டைகளாக்கிப் போட்டால், உருண்டை நேராக அடிக்குப் போய், அங்கே மெதுவாகக் கரைந்து மணிகளை விடுவிக்கும். மண் அதிகமாகவும் மணி குறைவாகவும் இருக்கட்டும்.

உங்களுக்கு நேரமிருந்தால், தூண்டில் எடுத்துப் போகாமல் மூன்று நாள் தொடர்ந்து ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இந்த உருண்டைகளைப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். நான்காம் நாள் தூண்டிலோடு போங்கள். ஆற்றுக் கெண்டைக்கு இதைவிட நம்பகமான வழியை நான் அறியேன்.


கரையோரன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒவ்வொன்றையும் எழுதி வைத்துக்கொண்டு போனேன்.

ஈயத்தை மட்டும் கட்டித் தரையைத் தேடியதில், நான் இத்தனை நாள் போட்டுக்கொண்டிருந்த இடம் முழுவதும் வெறும் மணல் என்று தெரிந்தது. அங்கிருந்து நாற்பது அடி மேற்பக்கம், வளைவின் வெளிப்புறத்தில், கூழாங்கல் முடிந்து வண்டல் தொடங்கும் விளிம்பு ஒன்று அகப்பட்டது. மூன்று மாலை களிமண் உருண்டைகளைப் போட்டேன். நான்காம் நாள் 100 கிராம் தட்டை ஈயம், முடித் தூண்டில், இரண்டு சோளமணி. ஈயம் போட்ட இடத்தில் போட்டபடியே கிடந்தது. அதைப் பார்த்ததே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் கோல் முனை நிமிர்ந்தது. ஈயமணி ஐயா எழுதியிராவிட்டால் அதை மீன் என்று நினைத்திருக்க மாட்டேன். கோலை எடுத்து ஓங்கி இழுத்தேன், கனம் தெரிந்தது, தலையை அசைப்பது கைக்கு வந்தது, இரண்டு முறை நரம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. பிறகு முள் மட்டும் வெறுமையாகத் திரும்பி வந்தது. முள்ளைப் பார்த்தேன், நேராகவும் கூராகவும்தான் இருந்தது. இந்த முறை டிராக்கைத் தளர்த்தித்தான் வைத்திருந்தேன். எங்கே தவறினேன்? மாட்டிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை யாராவது சற்று விரிவாகச் சொல்ல முடியுமா?


பழந்தூண்டில்:

தம்பி, நீங்கள் தவறியது அந்த ஓங்கி இழுத்த இடத்தில்தான். முடித் தூண்டிலில் கனமான ஈயம் ஏற்கெனவே முள்ளைப் பதித்திருக்கும். அதற்கு மேல் நீங்களும் வெட்டி இழுத்தால் உதட்டுச் சதையில் துளை பெரிதாகிவிடும், பிறகு முள் எளிதில் கழன்று வரும். கோலை எடுத்து, நரம்பின் தளர்வை ரீலில் சுற்றி, கனம் தெரியும் வரை மெதுவாகச் சாய்த்தால் போதும்.

ஆற்றில் மீனோடு சேர்ந்து ஓட்டமும் உங்களை இழுக்கிறது. ஓட்டத்துக்கு எதிராக ஐந்து கிலோ மீனை இழுப்பது, தேங்கிய நீரில் அதைவிடப் பெரிய மீனை இழுப்பதற்குச் சமம். எனவே நின்ற இடத்தில் நின்று மேல்நோக்கி இழுக்காதீர்கள். கரை இடம்கொடுத்தால் மீனோடு சேர்ந்து கீழ்நோக்கி நடந்து, அதற்கு நேராகவோ சற்றுக் கீழ்ப்பக்கமாகவோ போய் நின்றுகொள்ளுங்கள். அப்போது அது உங்களை எதிர்த்துப் போக வேண்டுமானால் ஓட்டத்தையும் எதிர்த்துப் போக வேண்டும், விரைவில் களைக்கும். மரத்தையோ பாறையையோ நோக்கி ஓடினால் கோலை நிமிர்த்திப் பிடிக்காமல், அது போகும் திசைக்கு எதிர்ப்பக்கமாகத் தரைக்கு இணையாகச் சாய்த்து இழுங்கள். தலை திரும்பினால் உடலும் திரும்பியே ஆக வேண்டும். டிராக் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை வீட்டிலேயே பழகலாம். நரம்பைக் கோலின் வளையங்கள் வழியாகவே ஒருவரை இழுக்கச் சொல்லி, கோல் நன்றாக வளைந்த பிறகு நரம்பு வெளியேறத் தொடங்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

மீன் இரையெடுக்கக் காத்திருக்கும்போது டிராக் இன்னும் தளர்வாக இருக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு, டிராக்கை இறுக்கி வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய்க் கைகழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கும்போது தாங்கியில் கோல் இல்லை. அதன் அடிக்கட்டை நீருக்குள் சரிந்து போவதை மட்டும் பார்த்தேன். அந்தக் கோல் போனதைவிட, அதை இழுத்துக்கொண்டு போன மீன் ஏதாவது வேரில் சிக்கியிருக்குமே என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அன்றிலிருந்து கோலை விட்டுக் கைநீளத்துக்கு மேல் தள்ளிப் போவதில்லை.

கரைக்கு வந்த மீனை நரம்பைப் பிடித்துத் தூக்க வேண்டாம். அகன்ற கைவலையை முன்கூட்டியே நீருக்குள் அமிழ்த்தி வைத்து, மீனை அதன் மேல் கொண்டுவந்து வலையை உயர்த்துங்கள். வலையை மீன் மேல் பாய்ச்சினால் அது மறுபடி ஓடும். முதுகுத் துடுப்பின் முன்முள் அரம்போலப் பல்வெட்டு உடையது, வலைக்கண்ணியில் சிக்கிக்கொள்ளும், கையையும் கிழிக்கும். கவனமாக எடுங்கள். நனைத்த பாயிலோ ஈரப்புல்லிலோ கிடத்தி, கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த கை அதன் மேல் உள்ள வழுவழுப்பை உரித்துவிடும், அது போனால் நோய்க்கிருமிகள் எளிதில் பற்றும்.

திரும்ப விடுவதானால், மந்தமான நீரில் தலை ஓட்டத்தை நோக்கி இருக்கும்படி இரு கையாலும் தாங்கிப் பிடியுங்கள். செவுள்கள் சீராக அசைந்து, அது தானாக வாலடித்துக் கையை விட்டுப் போகும் வரை காத்திருங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டியதில்லை. ஆனால் எந்த ஆற்றில் பிடிக்கிறீர்களோ அங்குள்ள விதியை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில ஆறுகளில் இனப்பெருக்க மாதங்களில் தூண்டில் போடவே தடை இருக்கும். சாதாக் கெண்டை வெளியிலிருந்து வந்து பெருகிவிட்ட இடங்களிலோ நிலைமை நேர் எதிரானது. ஆஸ்திரேலியாவின் மர்ரே, டார்லிங் ஆற்றுப் படுகையில் அது தரையைக் கிளறி நீரைக் கலக்கி, அங்குள்ள மீன்களுக்குக் கேடு செய்யும் இனமாகவே கருதப்படுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் பிடித்த மீனை ஆற்றில் விடுவது நன்மையாகாது.

உங்கள் பாதுகாப்பும் முக்கியம். வெளிவளைவுக் கரை என்று சொன்னீர்கள், அது அடியில் குடைந்திருக்கும், விளிம்பில் நிற்காதீர்கள். மழை உங்கள் தலைமேல் பெய்யாவிட்டாலும் மேற்பகுதியில் பெய்து நீர் ஏறலாம். நீரோரத்தில் ஒரு குச்சியை நட்டு அவ்வப்போது பாருங்கள். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும், மின்கம்பிகளுக்கு அருகில் அதை உயர்த்தவே கூடாது.


கரையோரன்:

பழந்தூண்டில் ஐயா, நேற்று விடியற்காலையில் ஒரு கெண்டையைக் கரையேற்றினேன்.

முனை நிமிர்ந்தது, நீங்கள் சொன்னபடி வெட்டி இழுக்காமல் சுற்றிச் சாய்த்தேன். மீன் மறுபடி அதே மரத்தை நோக்கித்தான் ஓடியது. கோலை நீர்ப்பக்கமாகத் தாழ்த்திச் சாய்த்தபோது, கிளைகளுக்கு ஏழெட்டு அடி முன்னால் அது திரும்பியதை நரம்பின் கோணத்திலேயே பார்க்க முடிந்தது. அதன் பிறகு இருபது தப்படி கீழ்ப்பக்கம் நடந்தேன். பத்து நிமிடம் இருக்கும், வலைக்குள் வந்தது. முள் கீழுதட்டின் நடுவில், ஈயமணி ஐயா சொன்ன அதே இடத்தில் பதிந்திருந்தது. எடை 4 கிலோ 200 கிராம். ஓட்டத்தை நோக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஒரு நிமிடத்துக்குள் வாலடித்து என் சட்டையெல்லாம் நனைத்துவிட்டுப் போய்விட்டது.

ஒரே ஒரு ஐயம். இதுவரை நான் பிடித்த சாதாக் கெண்டைகளின் உடல் முழுவதும் ஓடு வேய்ந்ததுபோலச் செதில் இருக்கும். இதற்கு முதுகை ஒட்டி ஒரு வரிசையும் வாலருகே நாலைந்தும் மட்டுமே இருந்தன. ஒவ்வொன்றும் பெருவிரல் நகத்தைவிடப் பெரியது, மற்ற இடமெல்லாம் வெறும் தோல். காயம்பட்டுச் செதில் உதிர்ந்த மீனா, அல்லது வேறு இனமா?


நீர்நோக்கி:

மிகுந்த மகிழ்ச்சி. அது காயமும் அல்ல, வேறு இனமும் அல்ல. அதைக் கண்ணாடிக் கெண்டை என்பார்கள். சாதாக் கெண்டையிலேயே செதில் அமைப்பு மட்டும் மரபு வழியாக மாறிய வகை. செதில் ஏறக்குறைய இல்லாத தோல் கெண்டையும் இதே இனத்தில் உண்டு. அடுத்த முறை பிடிக்கும்போது வாயோரம் பாருங்கள். செதில் எப்படி இருந்தாலும் சாதாக் கெண்டைக்குப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு மீசைகள் இருக்கும். புல் கெண்டைக்கும் வெள்ளிக் கெண்டைக்கும் மீசையே இருக்காது.

அந்த விளிம்பில் அடுத்த இரண்டு நாள் தூண்டில் போடாமல் களிமண் உருண்டை மட்டும் போட்டு வாருங்கள். பிடிபட்ட மீன் எழுப்பிய கலவரத்தில் மற்றவை ஒதுங்கியிருக்கும், திரும்பி வர அவகாசம் கொடுங்கள்.